ஆறாம் அத்தியாயம்: கீழ்முதுகில் ‘பிளேட்’ வைக்கும் சிகிச்சை – சம்மதிக்கும் முன்பும், செய்துகொண்ட பின்பும்

இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் சுங்குவார்சத்திரம் வரையிலும், தெற்கே வல்லம், ஒரகடம் வரையிலும் பரந்து கிடக்கும் இந்தத் தொழிற்பிரதேசத்தில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் கண்ணாடியும் கைபேசியும் இரவு பகலாக உருவாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றைச் செய்து முடிக்கும் கைகளைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். ஆனால் அக்கைகளுக்கு ஆதாரமாக நின்று, ஒவ்வொரு ஷிப்டிலும் நூற்றுக்கணக்கான தடவை குனிந்து நிமிரும் முதுகைப் பற்றி, அது வலிக்கத் தொடங்கும் நாள் வரையில், அதற்கு உரியவரே நினைப்பதில்லை. வலி வந்த பின்னர் முதலில் தைலம், பிறகு கடையில் வாங்கிய மாத்திரை, பிறகு இடுப்புப் பெல்ட், பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று படிப்படியாக ஏறி, கடைசியில் ஒரு நாள், “ஸ்க்ரூவும் பிளேட்டும் வைத்து எலும்பை இணைக்க வேண்டும்” என்ற வார்த்தை காதில் விழும்போது, தொழிலாளியும் அவருடைய குடும்பத்தாரும் அடையும் கலக்கம் கொஞ்சமல்ல.

அந்தக் கலக்கத்தில் ஒரு கை கொடுப்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். இதில் சொல்லப்போவது அனைத்தையும் ஒரு வாக்கியத்தில் அடக்குவதானால் இப்படிச் சொல்லலாம்: எலும்பிணைப்புச் சிகிச்சை என்பது வலி என்ற அனுபவத்துக்குச் செய்யப்படும் வைத்தியமன்று, முள்ளெலும்பு நிலைகொள்ளாமல் நழுவுகிறது, உடைந்திருக்கிறது, அல்லது நோயால் அரிக்கப்பட்டிருக்கிறது என்று நிரூபிக்கத்தக்க ஒரு காரணத்துக்குச் செய்யப்படும் வைத்தியம். காரணம் தெளிவாக இருக்குமிடத்தில் அது பெரும் உபகாரம் செய்யும். காரணம் தெளிவில்லாத இடத்தில், எத்தனை திறமையான கரம் செய்தாலும், ஏமாற்றத்துக்கே அதிக இடமுண்டு.

எதை, எதனோடு இணைக்கிறார்கள்?

கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. மேலிருந்து கீழாக எல்-1 முதல் எல்-5 வரை அவற்றுக்குப் பெயர். எல்-5-க்குக் கீழே இடுப்போடு சேர்ந்த முக்கோண எலும்பின் தலைப்பகுதி எஸ்-1. இவ்வெலும்புகளுக்கு இடையில் மெத்தையாக இருப்பதுதான் டிஸ்க். ‘ஜவ்வு விலகிவிட்டது’ என்று நம் பக்கத்தில் சொல்லுவது இந்த டிஸ்க் பிதுங்குவதைத்தான். பின்புறத்தில் இரு சிறு மூட்டுகளும், நடுவில் நரம்புகள் செல்லும் கால்வாயும் உள்ளன. குனிவதும் தூக்குவதும் திரும்புவதுமாகிய வேலைகளின் பாரம் பெரும்பாலும் கடைசி இரண்டு அடுக்குகளாகிய எல்-4–எல்-5, எல்-5–எஸ்-1 ஆகியவற்றின் மீதே விழுவதால், ஸ்கேன் அறிக்கைகளிலும் இந்தப் பெயர்களே திரும்பத் திரும்ப வரக் காண்கிறோம்.

அசைவதற்கென்று இயற்கை படைத்த அந்த மூட்டை அசையாமல் நிறுத்திவிடுவதே இணைப்புச் சிகிச்சையின் தத்துவம். இரண்டு முள்ளெலும்புகளிலும் டைட்டானியம் ஸ்க்ரூக்களை இறக்கி, அவற்றை ராடுகளால் பிணைத்து, தேவையானால் டிஸ்க்கை அகற்றி அவ்விடத்தில் ஒரு சிறு கூண்டை வைத்து, சுற்றிலும் எலும்புத் துண்டுகளை நிரப்புகிறார்கள். வெல்டிங் ஷாப்பில் இரண்டு தகடுகளை ஃபிக்ஸரில் பிடித்து நிறுத்திய பின் வெல்டு வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்கும்: ஸ்க்ரூவும் ராடும் ஃபிக்ஸர் மட்டுமே, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளர்ந்து இரண்டையும் ஒன்றாக்கும் புதிய எலும்பே வெல்டு. அந்த எலும்பு வளராவிட்டால், எத்தனை உறுதியான உலோகமும் அசைவின் களைப்பால் ஒரு நாள் தளரும், அல்லது முறியும். ஆகையால் ஆபரேஷன் மேஜையை விட்டு இறங்கிய அன்றே சிகிச்சை முடிந்துவிட்டதாக எண்ணுவது பிழை. எலும்பு கூடுவதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும்.

சிகிச்சையின் வரலாறு, சென்னையின் பங்கு

இச்சிகிச்சை பிறந்தது முதுகுவலிக்காக அன்று என்பது இன்று பலருக்கும் தெரியாத விஷயம். 1911-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃபிரெட் ஆல்பி என்ற இரு சஸ்திர வைத்தியர்கள், முதுகெலும்பைக் காசநோய் அரித்துக் கூனாக்கிவந்த நோயாளிகளுக்காக, தனித்தனியே இதைச் செய்து வெளியிட்டார்கள். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. அரிக்கப்பட்ட எலும்பு மேலும் சரியாமல் தடுக்க இணைப்பதொன்றே வழியாக இருந்தது.

பின்னர் மருந்துகள் வந்தன. மருந்து வந்த பிறகும் ஆபரேஷன் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை தேடிய ஊர்களில் நம் சென்னையும் ஒன்று. 1956-இல் சேத்துப்பட்டில் நிறுவப்பட்டு, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்கும் மையத்தைச் சேர்ந்தவர்கள், முதுகெலும்புக் காசநோயாளிகளில் ஒரு சாராருக்கு மருந்தோடு பெரிய ஆபரேஷனும், மற்றவர்களுக்கு நடமாடவிட்டு மருந்து மட்டுமும் கொடுத்து, பத்தாண்டுக் காலம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 1999-இல் வெளியான பத்தாண்டு அறிக்கையில், மருந்து மட்டும் உட்கொண்டவர்களின் நிலை ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் நிலைக்கு எவ்விதத்திலும் தாழ்ந்திருக்கவில்லை. கால் செயலிழத்தல், கடுமையான கூனல் முதலிய சில நிலைகளில் இன்றும் ஆபரேஷன் அவசியந்தான். ஆயினும், செய்யத் தெரியும் என்பதாலேயே எல்லோருக்கும் செய்துவிடக் கூடாது என்ற பாடத்தைப் பிரமாணத்தோடு காட்டிய பெருமை இந்த நகரத்துக்கு உண்டு.

இதை இங்கே சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இரவிலும் ஓயாத வலி, மாலைக் காய்ச்சல், காரணமின்றி உடல் இளைத்தல் ஆகியவற்றோடு முதுகு வலிக்குமானால், ‘தூக்கியதால் வந்த வலி’ என்று தாமே தீர்மானித்துக்கொள்ளாமல் காசநோய்க்கான பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். ஓர் அறையில் பலர் நெருங்கி வசிக்கும் தொழிலாளர் விடுதிகளில் இந்த எச்சரிக்கை இன்னும் அவசியமாகிறது.

யாருக்கு அவசரம், யாருக்கு அவசியம், யாருக்குச் சந்தேகம்?

முதலில் அவசரத்தைச் சொல்லிவிடுவோம். மலஜலம் கழிக்கும் இடங்களைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்ளுதல் அல்லது தானே கசிதல், இரண்டு கால்களும் வலுவிழத்தல் – இவற்றில் எது நேர்ந்தாலும் அது அன்றைக்கே கவனிக்க வேண்டிய அபாயம். ஷிப்ட் முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திராமல், 108 ஆம்புலன்ஸை அழைத்தாவது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். நசுங்கிய நரம்பைத் தாமதித்து விடுவித்தால் இழந்த சக்தி திரும்பாமலே போகலாம். பாதம் மேலே தூக்க முடியாமல் தொங்குவதும் சில நாட்களுக்குள் காட்டவேண்டிய குறியே.

இந்நிலைகள் நீங்கலாக, முதுகுப் பிரச்சினையில் தீர்மானத்துக்கு அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தில், தமக்கு வந்திருப்பது கீழ்க்கண்டவற்றில் எது என்று நோயாளி தெரிந்துகொள்ள வேண்டும்.

டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் புட்டத்திலிருந்து கால்வரை மின்சாரம் பாய்வதுபோல் இழுக்கும் வலி, பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில், மருந்தாலும் அளவான நடமாட்டத்தாலும் தணிந்துவிடுகிறது. தணியாதவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்பட்டாலும், பிதுங்கிய துண்டை மட்டும் அகற்றும் சிறிய சிகிச்சையே போதுமானது. முதல் தடவையிலேயே ஸ்க்ரூ வைத்து இணைக்க வேண்டிய நிலை வழக்கத்துக்கு மாறானது.

ஒரு முள்ளெலும்பு இன்னொன்றின்மேல் முன்னோக்கி நழுவியிருக்கும் நிலை வேறு. எலும்பில் விரிசல் கண்டு நழுவியவர்களில், உடற்பயிற்சியால் மட்டும் குணப்படாதோருக்கு இணைப்புச் சிகிச்சை நல்ல பலன் தருவதாக ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. எலும்பு முறிவு, கட்டி, கிருமி அரிப்பு ஆகியவற்றால் நிலை குலைந்த முதுகுக்கும் இது தக்க சிகிச்சையே.

வயதால் நரம்புக் கால்வாய் குறுகி, சிறிது தூரம் நடந்ததும் கால் கனத்து உட்கார வேண்டியிருப்பவர்களின் விஷயத்தில் கால்வாயை அகலப்படுத்துவதே பிரதானம். அதோடு இணைப்பும் சேர்க்க வேண்டுமா என்பதைச் சோதித்த இரு ஆராய்ச்சிகளில், 2016-இல் சுவீடனில் 247 பேரையும், 2021-இல் நார்வேயில் எலும்பு நழுவலும் கூடிய 267 பேரையும் கொண்டு பார்த்தபோது, அகலப்படுத்துவது மட்டுமே பொதுவாக இணைப்போடு செய்ததற்குச் சமமான பலனைத் தந்தது. 2016-இல் அமெரிக்காவில் 66 பேரைக் கொண்டு செய்த ஒரு சிறிய ஆராய்ச்சி இணைப்புக்குச் சற்றுச் சாதகமாக முடிந்தது என்பதையும் சொல்வதே நியாயம்.

கடைசியாக, கால் வலியோ நழுவலோ இல்லாமல், ‘டிஸ்க் தேய்ந்திருக்கிறது’ என்ற ஸ்கேன் வாசகத்தோடு நீடிக்கும் வெறும் முதுகுவலி. இணைப்புச் சிகிச்சையின் பயன் மிகுந்த சந்தேகத்துக்கு உள்ளாவது இங்கேதான். நம் தொழிலாளர்களில் மிகப் பலர் நிற்பதும் இந்த வரிசையில்தான்.

ஸ்கேன் காட்டுவதெல்லாம் நோயா?

முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் திரட்டி ஆராய்ந்து 2015-இல் வெளியான ஒரு தொகுப்பின்படி, முப்பது வயதினரில் நூற்றுக்கு 52 பேருக்கு டிஸ்க் தேய்மானமும் 40 பேருக்கு டிஸ்க் புடைப்பும் காணப்பட்டன. ஐம்பது வயதினரில் இவை முறையே 80, 60 என்று உயர்ந்தன. இவர்கள் ஒருவருக்கும் வலியில்லை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு, கையிலுள்ள அறிக்கையை மறுபடி படித்துப் பார்த்தால், அதிலுள்ள பயங்கரமான சொற்களில் பாதி, தலைமுடி நரைப்பதைப் போன்ற வயதின் அடையாளங்களே என்பது புலப்படும்.

ஆகவே ஸ்கேன் தனித்து நின்று தீர்ப்புச் சொல்லத் தகாது. வலி எந்தக் காலில், எந்த விரல் வரை செல்கிறது, எந்தத் தசை தளர்ந்திருக்கிறது, ஸ்கேனில் அழுந்தியிருக்கும் நரம்பும் அந்த விரலுக்குப் போகும் நரம்பும் ஒன்றுதானா என்று டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்தும், சுத்தியலால் தட்டிப் பார்த்தும் ஒப்புநோக்க வேண்டும். நழுவல் உண்டா என்பதை அறிய, நின்றபடி குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரே தேவை. இவை எதுவுமின்றி ஸ்கேன் படத்தை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கப்பட்டால், வேறொரு டாக்டரின் அபிப்பிராயத்தைக் கேட்பதே விவேகம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் எலும்பியல் பிரிவில் காட்டி இரண்டாம் அபிப்பிராயம் பெறலாம். இதனால் முதல் டாக்டருக்கு அவமரியாதை ஒன்றுமில்லை.

பலன் எவ்வளவு?

நீடித்த முதுகுவலிக்கு இணைப்புச் செய்துகொண்டவர்களை, செய்துகொள்ளாதவர்களோடு ஒப்பிட்ட ஆராய்ச்சிகளில் மூன்று முக்கியமானவை. 2001-இல் வெளியான சுவீடன் ஆராய்ச்சியில் 294 பேர் பங்குகொண்டார்கள். இரண்டாண்டு முடிவில், ஆபரேஷன் செய்தவர்களின் முதுகுவலி சராசரியாக நூற்றுக்கு 33 பங்கும், வழக்கமான பிசியோதெரபி பெற்றவர்களின் வலி 7 பங்கும் குறைந்திருந்தன. மூன்றில் ஒரு பங்கு குறைவதென்பது அற்பமல்ல. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு எஞ்சியிருந்தது என்பதையும் மறக்கலாகாது. 2003-இல் நார்வேயிலும், 349 பேரைக் கொண்டு 2005-இல் பிரிட்டனிலும் வெளியான ஆராய்ச்சிகளில், மற்றச் சாராருக்கு வழக்கமான பிசியோதெரபிக்குப் பதிலாக, திட்டமிட்ட தீவிரப் பயிற்சியும், ‘அசைந்தால் முதுகு உடைந்துவிடும்’ என்ற அச்சத்தைப் போக்கும் போதனையும் அளித்தார்கள். அப்போது இரு சாராரும் முன்னேறினார்கள். நார்வேயில் இருவருக்கும் இடையே வித்தியாசம் தென்படவில்லை, பிரிட்டனில் அது மிகச் சிறியதாகவே இருந்தது.

உழைத்துப் பிழைப்பவர்களுக்கு இவற்றினும் நெருக்கமானது, 2011-இல் வெளியான அமெரிக்க ஒஹையோ மாகாணத்து ஆய்வு. வேலையில் முதுகு பாதிக்கப்பட்டு நஷ்டஈடு பெற்ற தொழிலாளர்களில், இணைப்புச் செய்துகொண்ட 725 பேரையும், அதே விதமான நோய் இருந்தும் செய்துகொள்ளாத 725 பேரையும் ஒப்பிட்டார்கள். இரண்டாண்டுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பியிருந்தவர்கள் முதற்சாராரில் நூற்றுக்கு 26 பேர். மற்றவர்களில் 67 பேர். ஆபரேஷன் செய்தவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு மறுபடியும் ஆபரேஷன் தேவைப்பட்டது. ஆபரேஷனுக்குப் போனவர்கள் தொடக்கத்திலேயே அதிகம் நலிந்தவர்களாக இருந்திருக்கலாம் என்பதால், இந்த வித்தியாசம் முழுவதையும் சிகிச்சையின்மேல் சுமத்துவது நியாயமாகாது. ஆனாலும், ‘பிளேட் வைத்துவிட்டால் பழையபடி லைனுக்குப் போய்விடலாம்’ என்று எவரும் எவருக்கும் உறுதிமொழி தர இடமில்லை என்பதை இவ்வெண்கள் ஐயமறக் காட்டுகின்றன.

அபாயங்கள்

மயக்க மருந்து, இரத்தப்போக்கு, கால் நாளங்களில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் செல்லுதல் ஆகியவை எந்தப் பெரிய ஆபரேஷனுக்கும் பொதுவானவை. இச்சிகிச்சைக்கே உரியவை ஐந்து.

முதலாவது, கிருமித் தொற்று. நூற்றுக்கு ஓரிருவர் முதல் நால்வர் வரை இதற்கு ஆளாகிறார்கள், சர்க்கரை நோய் கட்டுப்படாதவர்களுக்கு இன்னும் அதிகம். தையலிலிருந்து நீர் கசிந்தாலோ, ஒருமுறை தணிந்த வலி காய்ச்சலோடு மீண்டும் ஏறினாலோ உடனே காட்ட வேண்டும். இரண்டாவது, நரம்பு உறை கிழிதல். பெரும்பாலும் அங்கேயே தைத்துச் சரிசெய்யப்படும். மூன்றாவது, ஸ்க்ரூ தவறான இடத்தில் இறங்குவதாலோ நரம்பு இழுபடுவதாலோ கால் மரத்தல் அல்லது தளர்தல். அபூர்வமானதெனினும் மிகுந்த துயரம் தருவது. வயிற்றின் வழியாக முன்புறமிருந்து செய்யும் முறையில், ஆண்களுக்கு விந்து வெளிப்படுவதில் மாறுதல் நேரக்கூடும். இளைஞர்கள் இதைக் கூச்சப்படாமல் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காவது, எலும்பு கூடாமற் போவது. இதற்குப் பெருங்காரணம் புகையிலை. பீடி, சிகரெட் மட்டுமன்றி, உதட்டோரம் அடக்கிக்கொள்ளும் புகையிலையும் எலும்பு வளர்ச்சியைத் தடுக்கும். ஆபரேஷனுக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்னரே நிறுத்தி, எலும்பு கூடும் வரை தொடாதிருப்பதே, நோயாளி தம் கையால் செய்துகொள்ளக்கூடிய மிகப் பெரிய சிகிச்சை.

ஐந்தாவது, அடுத்த மூட்டின் தேய்மானம். ஒரு மூட்டு அசையாமற் போனதும் அதன் பாரத்தை மேலுள்ள மூட்டு ஏற்கிறது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, ஐந்தாண்டுக்குள் சுமார் ஆறில் ஒருவருக்கும், பத்தாண்டுக்குள் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேலானவர்களுக்கும் அடுத்த மூட்டில் சிகிச்சை தேவைப்படுமளவு தொந்தரவு உண்டாகலாம். அறுபது வயதுக்காரர் ஒருவர் இதைப் பொருட்படுத்தாமல் விடலாம். இருபத்தெட்டு வயதில் இன்னும் முப்பதாண்டு உழைக்க வேண்டியவர் அப்படி விட முடியாது.

டாக்டரிடம் கேட்கவேண்டியவை

ஒரு கார் தொழிற்சாலையில் பேட்டரி பொருத்தும் இடத்தில் வேலை செய்யும் இளைஞர் ஒருவருக்கும், பொறுமையுள்ள ஒரு டாக்டருக்கும் இடையில் பேச்சு இப்படி நடக்குமானால், அது நல்ல தொடக்கம்:

“சார், பிளேட் வெச்சுட்டா மறுபடியும் லைன்ல நிக்கலாமா?”

“தம்பி, முதல்ல உங்க வேலை என்னன்னு சொல்லுங்க. எவ்வளவு எடை தூக்குறீங்க?”

“ஒரு பேட்டரி பதினஞ்சு கிலோ இருக்கும் சார். ட்ராலியில இருந்து எடுத்து, குனிஞ்சு, கைய நீட்டி உள்ள வெக்கணும். ஷிப்டுக்கு முந்நூறு வண்டி போகும்.”

“அப்படின்னா ஆபரேஷனைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல அந்த இடத்தை மாத்திக் குடுப்பாங்களான்னு கம்பெனில கேட்டுட்டு வாங்க.”

இந்த டாக்டர் சொல்வதில் ஆழ்ந்த நியாயம் உண்டு. பொருள் உடலை ஒட்டியும், இடுப்பு உயரத்திலும், திருகாமலும் இருக்கும் உத்தம நிலையில்கூட 23 கிலோவே தூக்கத்தக்க அளவு என்று அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு நிறுவனத்தார் 1991-இல் திருத்திய சூத்திரம் வரையறுக்கிறது. கையை நீட்டினாலும், குனிந்தாலும், திரும்பத் திரும்பத் தூக்கினாலும் அந்த அளவு வேகமாகக் குறைந்துவிடும். முதுகைக் கெடுத்த வேலையை அப்படியே விட்டுவைத்து முதுகை மட்டும் பழுது பார்ப்பது பாதி வைத்தியமே.

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், பின்வரும் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போய், வீட்டாரில் ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்:

1. எந்த எலும்பை எதனோடு இணைக்கப் போகிறீர்கள்? நழுவலோ அசைவோ இருப்பதை எந்தப் படத்தில் காணலாம்?
2. இணைக்காமல் நரம்பை மட்டும் விடுவித்தால் போதாதா? போதாதென்றால் ஏன்?
3. குறையப் போவது கால்வலியா, முதுகுவலியா? எவ்வளவு குறையும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?
4. மூன்று மாதம் முறையான பிசியோதெரபி செய்து பார்த்தால் ஏதேனும் கெட்டுவிடுமா?
5. என் வயது, சர்க்கரை, புகையிலைப் பழக்கம் இவற்றைக் கொண்டு பார்த்தால் எனக்குரிய அபாயம் என்ன?
6. இச்சிகிச்சையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அவர்களில் கைவேலைக்காரர்கள் எப்படி இருக்கிறார்கள்?
7. நான் செய்யும் இந்த வேலைக்கே திரும்ப முடியுமா? எத்தனை மாதத்தில்?

நான்காவது கேள்விக்கு, “ஒன்றும் கெட்டுவிடாது” என்ற விடை வருமானால், அந்த மூன்று மாதத்தை முழு மனத்தோடு பயன்படுத்திக்கொள்வதே உத்தமம்.

பணமும் விடுப்பும்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாத தொழிலாளர்கள், கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் உள்பட, இ.எஸ்.ஐ. திட்டத்துக்கு உட்பட்டவர்கள். சம்பளத்தில் தொழிலாளியிடமிருந்து நூற்றுக்கு 0.75 பங்கும், முதலாளியிடமிருந்து 3.25 பங்கும் செலுத்தப்படுகின்றன. டிஸ்பென்சரியில் தொடங்கி, அயனாவரம் அல்லது கே.கே. நகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குச் சென்று, தேவையானால் அங்கிருந்து ஒப்பந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் பெற்றுச் செல்வதே முறை. அவசரமில்லாத நிலையில் நேரே தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டால், அதைத் திரும்பப் பெறுவது பெரும் சிரமம்.

ஆறுமாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பங்களிப்புச் செலுத்தப்பட்டிருந்தால், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் நூற்றுக்கு 70 பங்கு, ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். டிஸ்க் விலகல், முள்ளெலும்பு நழுவல் ஆகியவை நீடித்த நோய்களின் பட்டியலில் இருப்பதால், இரண்டாண்டுத் தொடர் சேவை முதலிய நிபந்தனைகள் நிறைவேறியவர்களுக்கு 80 பங்கு வீதம் உதவி நீட்டிக்கப்படலாம். வேலையின்போதே அடிபட்டதாக நிரூபணமானால் 90 பங்கு கிடைக்கும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: தூக்கும்போது முதுகு ‘சுருக்’கென்று பிடித்த அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யாமல், தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் லைனில் நின்றுவிட்டால், ஆறு மாதம் கழித்து அதை நிரூபிக்கச் சாட்சியே இருக்காது.

அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் பயிற்சி பெறுவோர் இ.எஸ்.ஐ.-க்கு உட்பட்டவர்களல்லர், அவர்களுக்குக் காயம் நேர்ந்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பு முதலாளியுடையது. 21,000-க்கு மேல் பெறுவோர் கம்பெனி எடுத்துள்ள குழுக் காப்பீட்டின் உச்சவரம்பைக் கேட்டறிய வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்தார், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை அடங்குகிறதா என்று ஆஸ்பத்திரியிலுள்ள திட்ட அலுவலரிடம் விசாரிக்கலாம். அதில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வசதி உண்டு.

செய்துகொண்ட பின்

பெரும்பாலோர் மறுநாளே எழுந்து நடக்கிறார்கள். சில நாட்களில் வீடு திரும்புகிறார்கள். முதல் ஆறு வாரங்களில் நடையே மருந்து. குனிவது, திருகுவது, குடத்தையோ குழந்தையையோ தூக்குவது ஆகியவை விலக்கு. பைக்கில் செல்வதை, பின்னால் உட்கார்ந்தாயினும், டாக்டர் அனுமதிக்கும் வரை ஒத்திப்போட வேண்டும். ஒரகடம் சாலையின் வேகத்தடைகள் புதிய ஸ்க்ரூவுக்கு நண்பர்களல்ல. வலி மாத்திரைகளில் சில எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தலாம் என்பதால், கடையில் கேட்டு வாங்காமல் எழுதிக்கொடுத்ததை மட்டும் உட்கொள்ள வேண்டும். ஸ்க்ரூ வைத்த முதுகை எவரிடமும் காட்டி நீவுவதோ, முறுக்கி ‘எடுப்பதோ’ கூடவே கூடாது.

உட்கார்ந்து செய்யும் இலேசான வேலைக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் திரும்பலாம். பாரம் தூக்கும் வேலைக்கு நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். சிலருக்கு அந்த வேலை இனி தகாது. ஆகையால் ஆபரேஷனுக்கு முன்பே ஹெச்.ஆர். அலுவலகத்தில் பேசி, எத்தனை கிலோ வரை தூக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று டாக்டர் எழுதிய சான்றைக் கொடுத்து, இன்ன இடத்தில் வேலை தருவோம் என்ற பதிலையும் எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. வெறுமனே ‘லைட் வேலை’ என்று எழுதிய சீட்டு, மூன்றாம் நாளே, ஆள் குறைவான ஏதோ ஒரு லைனில் காலாவதியாகிவிடும். யூனியன் உள்ள இடத்தில் அதன் துணையை நாடலாம். கான்ட்ராக்டர் மூலம் வேலை செய்பவர்கள், கான்ட்ராக்டரிடமும் பிரதான கம்பெனியிடமும் மனுவின் பிரதிகளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

நழுவிய எலும்பை நிறுத்தி, நடக்க முடியாதவரை நடக்கவைத்த இந்தச் சிகிச்சையை நாம் நன்றியோடு மதிக்கிறோம். அதன் மதிப்பு குன்றாதிருக்க வேண்டுமானால், அது தகுந்தவருக்கு, தகுந்த காரணத்துக்கு, தகுந்த வேளையில் செய்யப்பட வேண்டும். மேலே சொன்ன ஏழு கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைத்து, புகையிலையை விட்டு, விடுப்பையும் திரும்பிச் செல்லும் வேலையையும் ஏற்பாடு செய்துகொண்ட பின்னர் சம்மதிப்பவர், பலனையும் அபாயத்தையும் அறிந்தே சம்மதிக்கிறார். விடை கிடைக்காதவர் கையெழுத்தை ஒத்திப்போட்டு, மூன்று மாதம் பயிற்சி செய்து, இன்னொரு டாக்டரையும் கேட்கட்டும். அவசரக் குறிகள் இல்லாத வரையில், அந்தத் தாமதத்தால் அவர் இழப்பது ஒன்றுமில்லை.